பொங்கியது புளிப்பாலா, சோடாவாலா? வைக்கிங் 1976: ஒரு நிகழ்வு ஆய்வு

1976 ஜூலை 30. செவ்வாய்க் கோளின் கிரைசி சமவெளியில் நின்றிருந்த வைக்கிங் 1 கலத்துக்குள், மூடிய சின்னக் கிண்ணம் ஒன்றில் அரை கன சென்டிமீட்டர் மண் இருந்தது. அதன்மேல் கொஞ்சம் நீர் விழுந்தது. நுண்ணுயிர்கள் எளிதில் தின்னக்கூடிய ஏழு பொருட்கள் அந்த நீரில் கரைந்திருந்தன. அளவு 0.115 மில்லிலிட்டர். கண்ணுக்கு விடும் மருந்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டால் அவ்வளவுதான் இருக்கும்.

மண்ணில் உயிர் ஏதாவது இருந்து அந்தத் தீனியைத் தின்றால், செரித்த மிச்சம் வாயுவாக வெளியே வரும். தீனியில் கதிரியக்கக் கார்பன்-14 சேர்த்திருந்தார்கள். அதனால் வரும் வாயுவும் கதிர்வீசும். கிண்ணத்துக்கு மேலே இருந்த எண்ணும் கருவி அதைப் பிடித்துவிடும்.

வாயு வந்தது. வேகமாகவே வந்தது. எண்ணிக்கை ஏறி ஏறி, நிமிடத்துக்குச் சுமார் 10,000 வரை போனது. அப்புறம் அதே மண்ணில் இன்னொரு பங்கை எடுத்து 160 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் சுட்டு, ஆறவிட்டு, அதே கரைசலை விட்டார்கள். இந்த முறை ஒன்றும் வரவில்லை.

கலம் பூமியை விட்டுக் கிளம்பும் முன்பே ஒப்புக்கொண்ட விதி ஒன்று இருந்தது. பச்சை மண் வாயு தர வேண்டும், சுட்ட மண் தரக்கூடாது, இரண்டும் நடந்தால் அது உயிரின் அடையாளம். இரண்டும் நடந்தன. ஆனாலும் செவ்வாயில் உயிர் இருப்பதாக நாசா அறிவிக்கவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தும் அறிவிக்கவில்லை.

பூமிக்கு வெளியே உயிர் தேடிய வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் நிகழ்வு இது. நாசாவின் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு எந்தச் சாட்சியை நம்பி நின்றதோ அந்தச் சாட்சி பொய்த்துப்போனது. இது தெரிய 32 ஆண்டுகள் ஆயின. இந்த இரண்டும் ஒரே வழக்கில் எப்படி நடந்தன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கலமும் பெட்டியும்

வைக்கிங் திட்டத்தில் இரண்டு சுற்றுக்கலங்கள், இரண்டு தரையிறங்கு கலங்கள். செலவு அந்தக் காலத்திலேயே சுமார் 100 கோடி டாலர். 1975 ஆகஸ்ட் 20-இலும் செப்டம்பர் 9-இலும் ஏவினார்கள். முதல் கலத்தை அமெரிக்க விடுதலையின் 200-ஆம் ஆண்டு நாளான 1976 ஜூலை 4 அன்று இறக்க வேண்டும் என்பது ஆசை. சுற்றுக்கலம் அனுப்பிய படங்களைப் பார்த்தால், தேர்ந்தெடுத்த இடம் நினைத்ததைவிடக் கரடுமுரடாக இருந்தது. விழா நாள் போனால் போகட்டும் என்று தள்ளிவைத்து, வேறு இடம் தேடி, ஜூலை 20 அன்று இறக்கினார்கள். இரண்டாவது கலம் செப்டம்பர் 3 அன்று, வெகு தொலைவில் வடக்கே இருக்கும் யுடோபியா சமவெளியில் இறங்கியது.

உயிர் தேடப் போகும் கலம் பூமியின் உயிரைச் சுமந்துகொண்டு போய்விடக் கூடாது. அதற்காகத் தரையிறங்கு கலத்தை முழுசாக ஓர் அடுப்புக்குள் வைத்து, சுமார் 112 டிகிரி வெப்பத்தில் 30 மணி நேரத்துக்கும் மேல் வேகவைத்தார்கள். கேமரா, கணினி, மின்கம்பி எல்லாமே அந்த வெப்பத்தைத் தாங்கியாக வேண்டும். இவ்வளவு கடுமையான சுத்தம் செய்து அனுப்பிய செவ்வாய்க் கலம் அதற்கு முன் இருந்ததில்லை.

உயிரியல் சோதனைகளுக்கான பெட்டி சுமார் 15 கிலோ எடை, ஏறக்குறைய ஒரு கன அடி அளவு. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் நாலைந்து மேசை நிறைய இருக்க வேண்டிய கருவிகளை அதற்குள் அடைத்திருந்தார்கள். மூன்று சோதனைகள், மூன்று விதமான கேள்விகள்.

வான்ஸ் ஓயாமாவின் சோதனை, மண்ணுக்குச் சத்துள்ள கூழ் ஒன்றைக் கொடுத்து, சுற்றியுள்ள வாயுக்கள் மாறுகின்றனவா என்று பார்த்தது. நார்மன் ஹோரோவிட்ஸின் சோதனை தண்ணீரே இல்லாமல், செவ்வாயின் காற்றையும் வெளிச்சத்தையும் மட்டும் கொடுத்து, மண் தாவரம்போலக் காற்றிலிருந்து கார்பனை எடுத்துச் சேர்க்கிறதா என்று பார்த்தது. மூன்றாவதுதான் நான் தொடக்கத்தில் சொன்னது. கில்பர்ட் லெவினும் பாட்ரீசியா ஸ்ட்ராட்டும் நடத்தியது.

லெவின் அடிப்படையில் சுகாதாரப் பொறியாளர். குடிநீரில் கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், கதிரியக்கக் கார்பன் கலந்த தீனியைக் கொடுத்தால் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 1950-களில் யோசித்தவர். குழாய்த் தண்ணீருக்காகப் பிறந்த யோசனைதான் செவ்வாய் வரை போனது.

நான்காவது சோதனை ஒன்றும் இருந்திருக்க வேண்டும். உல்ஃப் விஷ்னியாக் என்ற நுண்ணுயிரியலாளர் வடிவமைத்தது அது. நுண்ணுயிர் பெருகினால் தெளிந்த கரைசல் கலங்கும், அந்தக் கலங்கலை ஒளி வைத்து அளக்கலாம் என்பது அதன் எளிய தத்துவம். செலவும் எடையும் மீறிப் போனதால் 1972-இல் அதைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் உழைத்த வேலை. விஷ்னியாக் மனம் ஒடிந்து உட்காரவில்லை. அண்டார்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் மண் முற்றிலும் உயிரற்றது என்று ஹோரோவிட்ஸ் குழு சொன்னதை அவர் ஏற்கவில்லை. அங்கேயே போய், கண்ணாடித் தகடுகளை மண்ணில் புதைத்து, நுண்ணுயிர் வளர்வதைக் காட்டினார். 1973 டிசம்பரில் அப்படி வைத்த தகடுகளை எடுக்கப் போனபோது மலைச்சரிவில் விழுந்து இறந்தார்.

அவர் சேகரித்திருந்த பாறைத் துண்டுகள் பிறகு இம்ரே ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளரிடம் போய்ச் சேர்ந்தன. அந்தப் பாறைகளுக்குள்ளே, மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே, வெயிலும் கொஞ்சம் எட்டுகிற, ஈரமும் கொஞ்சம் தங்குகிற இடுக்குகளில் நுண்ணுயிர்கள் குடியிருந்தன. வைக்கிங் இறங்கிய அதே 1976-இல் அந்தச் செய்தி வெளியானது. வைக்கிங்கின் கரண்டி அள்ளியது மேல்மண்ணைத்தான். உயிர் ஒளிந்துகொள்ளக்கூடிய பாறையின் உட்புறத்தை உடைத்துப் பார்க்க அதனிடம் ஒன்றும் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு விஷ்னியாக்கின் நினைவுதான் வரும்.

இட்லி மாவுக் கணக்கு

லெவின் சோதனையைப் புரிந்துகொள்ள நம் சமையலறையே போதும். ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கிறது. பொங்க வைத்தது யார்? மாவிலுள்ள நுண்ணுயிர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி மாவை நன்றாகக் கொதிக்கவைத்து மூடி வைத்துப் பாருங்கள், அது பொங்காது. வெந்த மாவில் உயிர் இல்லை. பச்சை மண், சுட்ட மண் என்று லெவின் செய்த ஒப்பீடு இதேதான்.

சரி, யாரோ நமக்குத் தெரியாமல் மாவில் ஆப்பசோடாவைப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டால்? அப்போதும் மாவு பொங்கும். நுரைத்துக்கொண்டு எழும்பும். அங்கே உயிருக்கு வேலையே இல்லை, வெறும் வேதியியல். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வாயு மட்டும்தான் தெரியும். எதனால் பொங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் பொங்கின விதத்தைப் பார்க்க வேண்டும்.

புளிப்பு மெதுவாகத் தொடங்கி, உயிர்கள் பெருகப் பெருக வேகம் எடுக்கும். சோடா உடனே நுரைத்துவிட்டு அடங்கிவிடும். புளித்த மாவில் இன்னும் கொஞ்சம் மாவைக் கரைத்து ஊற்றினால் மறுபடி பொங்கும். சோடா தீர்ந்த பிறகு எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் நுரை வராது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு செவ்வாயின் முடிவுகளைப் பார்க்கலாம்.

வாயு தொடக்கத்திலேயே வேகமாக வந்தது, அப்புறம் வேகம் குறைந்து மட்டமாகிவிட்டது. பூமியின் மண்ணில் வழக்கமாகக் காணும் அந்தப் பெருக்கம் தெரியவில்லை. வந்த மொத்த வாயுவும், ஏழு பொருட்களில் ஏதோ ஒன்று மட்டும் கரைந்துபோயிருந்தால் எவ்வளவு வருமோ அந்த அளவுக்குத்தான் இருந்தது. சில நாள் கழித்து இரண்டாம் முறை கரைசலை விட்டார்கள். உயிர் இருந்தால் மறுபடி ஏற வேண்டும். ஏறவில்லை, இருந்த வாயுவில் ஒரு பகுதியை ஈர மண் திரும்ப உறிஞ்சிக்கொண்டு எண்ணிக்கை இறங்கியது. இதெல்லாம் சோடாவின் போக்கு.

ஆனால் வெப்பத்தின் கதை வேறு. யுடோபியாவில் நின்ற இரண்டாவது கலத்தில், 160 டிகிரி வரை போகாமல் 50 டிகிரியை ஒட்டி மட்டும் மண்ணைச் சூடாக்கிப் பார்த்தார்கள். வாயு வெகுவாகக் குறைந்துபோனது. லேசாகச் சூடுகாட்டிய சோடா பெரிதாக மாறிவிடாது. குளிரில் வாழப் பழகிய உயிருக்கோ 50 டிகிரி பேரிடி. இன்னொன்றும் உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர் மேல்மண்ணில் ஏதோ வேதிப்பொருளை உண்டாக்கியிருக்கிறது, அதுதான் வாயு தருகிறது என்று ஒரு கருத்து எழுந்தது. அதைச் சோதிக்க, இயந்திரக் கையால் ஒரு பாறையைத் தள்ளிவிட்டு, அதனடியில் வெயிலே படாமல் கிடந்த மண்ணை அள்ளிப் போட்டார்கள். அந்த மண்ணும் வாயு தந்தது. கலத்துக்குள்ளேயே இருட்டில் பல மாதம் கிடந்த மண்ணோ அந்தக் குணத்தை இழந்துவிட்டது.

ஒளி வேகத்தில் போனாலும் ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும் தொலைவில் இருக்கும் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, அடுத்த சோதனை என்ன செய்யலாம் என்று யோசித்து, கட்டளையை மாற்றி எழுதி, பாறையைத் தள்ளி, இத்தனையையும் செய்திருக்கிறார்கள். அன்றைய கணினியின் திறனை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

மற்ற இரண்டு சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓயாமாவின் சோதனையில், கூழ் படுவதற்கு முன்பே, வெறும் ஈரக்காற்று பட்ட உடனேயே மண் ஆக்சிஜனை வெளியிட்டது. யாரும் எதிர்பார்க்காத விஷயம். ஆனால் 145 டிகிரியில் சுட்ட மண்ணும் அதேபோல ஆக்சிஜன் தந்ததால் அது உயிரின் வேலை இல்லை என்று ஆனது. மண்ணில் தீவிரமான ஆக்சிஜனேற்றி, அதாவது மற்ற பொருட்களுக்கு ஆக்சிஜனைக் கொடுத்து அவற்றை உடைக்கும் பொருள், ஏதோ இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் குறிப்பு அது. ஹோரோவிட்ஸின் சோதனையில் முதல் முறை சிறிய அளவில் ஆமென்ற விடை வந்தது. 90 டிகிரி வரை சூடாக்கியும் அது அசையாததைப் பார்த்து, உயிர் இல்லை என்று அவரே முடிவுக்கு வந்தார். ஆமென்ற விடை கிடைத்தும் தன் சோதனையைத் தானே தள்ளியவர் ஹோரோவிட்ஸ். கடைசிவரை அதை விடாதவர் லெவின். இரண்டு பேருமே நேர்மையாக நின்றவர்கள் என்பதுதான் என் எண்ணம்.

முதன்மைச் சாட்சி

வழக்கு இந்த மூன்று சோதனைகளோடு முடிந்திருந்தால் இழுபறியாகவே நின்றிருக்கும். தீர்ப்பை எழுத வைத்தது உயிரியல் பெட்டிக்கு வெளியே இருந்த வேறொரு கருவி.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாஸ் பீமன் தலைமையில் செய்த அந்தக் கருவி, மண்ணை 200, 350, 500 டிகிரி என்று படிப்படியாகச் சூடாக்கி, ஆவியாகி வரும் மூலக்கூறுகளைப் பிரித்து ஒவ்வொன்றின் எடையையும் பார்க்கும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலும் கண்டுபிடிக்கும் அளவுக்கு நுட்பமானது. உயிர் என்று ஒன்று இருந்தால் அதன் உடல் கார்பனை அடிப்படையாகக் கொண்ட கரிமப் பொருளால் ஆனதாக இருக்கும். செத்த உடல்கள், கழிவுகள் எல்லாம் மண்ணில் கிடக்கும். அதைத் தேடுவதுதான் வேலை.

நீர் வந்தது, கார்பன் டைஆக்சைடு வந்தது. கரிமப் பொருள் என்று எதுவும் இல்லை. குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன் என்ற இரண்டு எளிய குளோரின் சேர்மங்கள் மட்டும் மிகச் சிறிய அளவில் தெரிந்தன. அவை பூமியில் கருவியைக் கழுவிய திரவத்தின் மிச்சம் என்று ஒதுக்கினார்கள். அன்றைக்கு அது நியாயமான விளக்கம்தான்.

உடல் இல்லாமல் உயிர் இல்லை. திட்டத்தின் தலைமை அறிவியலாளர் ஜெரால்ட் சாஃபனிலிருந்து உயிரியல் குழுவின் தலைவர் ஹரால்ட் கிளைன் வரை பெரும்பாலோரை இதுதான் ஒரு பக்கம் சாய்த்தது. இதில் ஒரு விநோதம் அப்போதே கண்ணில் பட்டது. உயிரே இல்லாவிட்டாலும் செவ்வாயில் கரிமப் பொருள் இருந்தாக வேண்டும். விண்கற்கள் அதைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை நாசா ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். அப்படியிருக்க, செவ்வாயில் சுத்தமாக ஒன்றுமே இல்லை என்றால், வந்து விழுவதை எல்லாம் ஏதோ அழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த அழிக்கும் பொருளே லெவினின் தீனியையும் உடைத்து வாயுவாக்கியிருக்கலாம் அல்லவா? புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைப்பதைப் பார்த்திருப்போம். அதைப் போன்ற ஏதோ ஒன்று. ஒரே விளக்கத்தில் எல்லா முடிவுகளும் அடங்கிவிட்டன.

மர்ச்சிசன் விண்கல்லை ஆராய்ந்தவர்களில் ஒருவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலியில் பிறந்தவர். 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார், படித்தது தத்துவம். பிறகு லண்டனில் வேதியியல், கலிபோர்னியாவில் முனைவர் பட்டம் என்று போய், உயிர் எப்படித் தோன்றியது என்ற கேள்விக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். வைக்கிங் முடிவுகள் வந்த அடுத்த ஆண்டே, 1977-இல், பெராக்சைடு வகைப் பொருட்களின் வினைகளாலேயே அந்த வாயுக்களை விளக்கலாம் என்று அவருடைய குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. உயிரை இவ்வளவு ஆசையாகத் தேடிய ஒருவர், உயிர் இல்லாமலும் இது நடக்கும் என்று சோதனை செய்து காட்டியதை நான் மதிக்கிறேன்.

ஒரே ஒரு குறை மட்டும் இருந்தது. அந்த ஆக்சிஜனேற்றியை யாரும் செவ்வாயில் கண்ணால் பார்க்கவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது, குற்றவாளியின் பெயர் தெரியாது.

2008: சாட்சி பொய்த்தது

2008 மே 25 அன்று ஃபீனிக்ஸ் என்ற கலம் செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கியது. மண்ணை எடுத்து நீரில் கரைத்து, அதில் என்னென்ன உப்புகள் இருக்கின்றன என்று பார்க்கும் கருவி அதில் இருந்தது. வைக்கிங் செய்யாமல் விட்ட அடிப்படை வேலை இது. அதில் யாரும் தேடாத ஒன்று அகப்பட்டது: பெர்குளோரேட். மண்ணின் எடையில் அரை சதவீதம் அளவுக்கு.

பெர்குளோரேட் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தில் எரியும் திட எரிபொருளுக்கு ஆக்சிஜன் கொடுப்பது அம்மோனியம் பெர்குளோரேட்தான். குளிர்ந்த நிலையில் சாதுவாகக் கிடக்கும். சில நூறு டிகிரி சூடாக்கினால் ஆக்சிஜனையும் குளோரினையும் கக்கி, பக்கத்தில் இருக்கும் கரிமப் பொருளை எரித்துவிடும்.

பீமனின் கருவி மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கியது. அதாவது, மண்ணில் கரிமப் பொருள் இருந்திருந்தால், அதைத் தேடப் போன கருவியே தன் கையால் எரித்திருக்கும்.

மெக்சிகோவின் ரஃபயேல் நவாரோ கொன்சாலெஸும் நாசாவின் கிறிஸ் மெக்கேயும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலியின் அட்டகாமா பாலைவன மண்ணில் கொஞ்சம் கரிமப் பொருள் உண்டு. அதில் மெக்னீசியம் பெர்குளோரேட்டைக் கலந்து, வைக்கிங் செய்ததுபோலவே சூடாக்கினார்கள். கரிமப் பொருள் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோய், மிஞ்சியது குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும். 1976-இல் கழுவுதிரவம் என்று ஒதுக்கிவைத்த அதே இரண்டு பொருட்கள். 2010-இல் இந்த முடிவு வெளியானது. பீமன் ஏற்கவில்லை, எழுதி மறுத்தார். ஆனால் அதற்கப்புறம் யாரும், வைக்கிங் பார்த்தது இல்லை, ஆகவே செவ்வாயில் கரிமப் பொருள் இல்லை என்று பழைய உறுதியோடு சொல்ல முடியவில்லை.

மிச்சத்தை கியூரியாசிட்டி முடித்துவைத்தது. 2012-இல் கேல் பள்ளத்தில் இறங்கிய அந்த ஊர்தி, பழைய ஏரிப்படுகையின் களிமண்பாறையைத் துளைத்துக் குளோரோபென்சீன் என்ற கரிமச் சேர்மத்தைக் கண்டது. 2018-இல் மேலும் சிக்கலான கந்தகக் கரிமச் சேர்மங்கள். 2025-இல் அதே பழைய பாறைத் தூளிலிருந்து 12 கார்பன் வரை கோத்த சங்கிலிகள். வைக்கிங்கின் சொந்தத் தரவையும் விட்டுவைக்கவில்லை. மைக்ரோஃபிலிமில் கிடந்த பீமனின் அளவீடுகளை எண்ணிம வடிவுக்கு மாற்றி 2018-இல் ஒரு குழு அலசியபோது, வைக்கிங் 2-இன் பதிவிலேயே குளோரோபென்சீனின் சுவடு தெரிந்தது. கருவியிலிருந்தே வந்த அழுக்காக இருக்கலாம் என்ற சந்தேகத்தை அவர்களால் முழுதாக நீக்க முடியவில்லை. அதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் லெவின் சொன்னது சரியா?

சாட்சி பொய்த்துவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாவார். அறிவியலில் அப்படி இல்லை. முதன்மைச் சாட்சி போனாலும் மற்ற தடயங்கள் அப்படியேதான் இருக்கின்றன. இரண்டாவது சொட்டுக்கு மண் பொங்கவில்லை. வாயு பெருகாமல் மட்டமானது. இவற்றுக்கு விடை வேண்டும்.

லெவின் தரப்பு விடை சொல்லியது. இரண்டாவது சொட்டு விழும்போது உயிர்கள் செத்துப்போயிருக்கலாம். அவ்வளவு ஈரம் அவற்றுக்குப் பழக்கமே இல்லை. வெள்ளத்தில் மூழ்கடித்ததுபோல ஆகியிருக்கலாம். டர்க் ஷுல்சே மாக்குக் என்ற விண்ணுயிரியலாளரும் இதே போக்கில், வைக்கிங் தண்ணீர் ஊற்றியே உயிரைக் கொன்றிருக்கக்கூடும் என்று வாதிட்டிருக்கிறார். யோசிக்கத்தக்க வாதம். ஆனால் எந்த முடிவு வந்தாலும் உயிர் என்று சொல்ல இடம் கொடுக்கும் விளக்கத்தை என்னால் முழுமனதாக நம்ப முடியவில்லை.

மறுபக்கத்துக்கு 2013-இல் பலமான ஆதரவு கிடைத்தது. பெர்குளோரேட் தனியாக அந்தக் குளிரில் லெவினின் தீனியை உடைக்காது. இது லெவினுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. ஆனால் செவ்வாயில் தடித்த காற்றுறையும் இல்லை, பூமிக்கு இருப்பதுபோன்ற காந்தப்புலமும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்கதிர்கள் மண்ணைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. ரிச்சர்ட் க்வின் குழு பெர்குளோரேட்டின் மேல் காமா கதிரைப் பாய்ச்சிப் பார்த்தது. அது உடைந்து ஹைப்போகுளோரைட் உண்டானது. வெளுப்புத்தூளில் இருப்பதன் உறவுதான் அது. ஆக்சிஜன் உப்புக்குள்ளேயே சிறைப்பட்டும் நின்றது. இந்தக் கலவை லெவினின் தீனியிலிருந்து வாயுவை எடுத்தது; ஈரம் பட்டதும் ஓயாமா கண்ட ஆக்சிஜனையும் விட்டது. விண்கதிர் பாறையையும் ஊடுருவும் என்பதால், பாறையடி மண் ஏன் வாயு தந்தது என்பதற்கும் இது பொருந்துகிறது.

அதனால் என் சாய்வு வேதியியல் பக்கம்தான். செவ்வாயின் மாவில் சோடா இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனாலும் 50 டிகிரி முடிவும், இருட்டில் கிடந்த மண் சத்திழந்ததும் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கின்றன.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். இது சோதித்தால் தெரியக்கூடிய கேள்வி. லெவினே வழி சொல்லியிருந்தார். அமினோ அமிலம் போன்ற மூலக்கூறுகள் இடது கை, வலது கை என்று இரண்டு வடிவில் இருக்கும். இடது கால் செருப்பு வலது காலில் நுழையாததுபோல, பூமியின் உயிர்கள் பெரும்பாலும் ஒரு வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வெறும் வேதிப்பொருளுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. இரண்டையும் ஒரேபோல உடைக்கும். 1976-இன் தீனியில் இரண்டு வடிவங்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தார்கள். தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தால் போதும். ஒன்றை மட்டும் மண் தின்றால் அது உயிர். லெவின் பல ஆண்டுகள் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வைக்கிங்குக்குப் பின் செவ்வாயில் இறங்கிய எந்தக் கலத்திலும் உயிர் தின்கிறதா என்று பார்க்கும் சோதனை வைக்கப்படவில்லை. ஸ்ட்ராட் 2020-இலும் லெவின் 2021-இலும் காலமானார்கள்.

நாசா ஏன் வைக்கவில்லை என்பது புரியாததல்ல. மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே உயிர் இருக்கிறதா என்று கேட்டதால்தான் விடை வந்தும் பயன்படாமல் போனது. அதனால் வரிசையை மாற்றினார்கள். முதலில் நீர் இருந்ததா, அடுத்து வாழத் தக்க சூழல் இருந்ததா, அடுத்து கரிமப் பொருள் தங்கியிருக்கிறதா, அதற்கப்புறம்தான் உயிர். விதி சொன்னபடி ஆம் வந்தால் ஆம் என்று இனி யாரும் எழுதுவதில்லை. 2021-இல் நாசா அறிவியலாளர்கள் ஏழு படிகள் கொண்ட நம்பிக்கை ஏணி ஒன்றை முன்வைத்தார்கள். அடையாளம் தெரிவது முதல் படி. அழுக்கு இல்லை என்று காட்டுவது, உயிரற்ற வழிகளில் வராது என்று காட்டுவது என்று ஏறி, சுயேச்சையான மறுசோதனைகள் வரை போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் வைக்கிங்கின் தழும்பு தெரிகிறது. 2024 ஜூலையில் பெர்சிவரன்ஸ் ஊர்தி ஜெசரோ பள்ளத்தில் சிறுத்தைப்புள்ளி போன்ற தடங்கள் கொண்ட பாறையைத் துளைத்து ஒரு மாதிரி எடுத்தது. 2025 செப்டம்பரில் அதைப் பற்றி வெளியான ஆய்வு, உயிரின் அடையாளமாக இருக்கக்கூடியது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் நிதானம் வேறு, கேட்காமலே இருப்பது வேறு. வரிசைப்படி கரிமப் பொருள் வரை வந்தாகிவிட்டது. மண்ணின் வேதியியலும் இப்போது தெரியும். லெவினின் கேள்வியைச் சரியான முறையில் மறுபடி கேட்கும் காலம் வந்துவிட்டது என்பதே என் கருத்து.

அதற்கு ஓரளவு பக்கத்தில் வருகிறது ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி. 2028-இல் ஏவத் திட்டம். விண்கதிர் சிதைத்த மேல்மண்ணை விட்டுவிட்டு 2 மீட்டர் ஆழம் வரை துளையிடும். அதன் கருவி ஒன்று, மண்ணை அடுப்பில் சுடுவதோடு, லேசர் துடிப்பால் மூலக்கூறுகளை நொடியின் மிகச் சிறு பங்கில் கிளப்பியும் பார்க்கும். பெர்குளோரேட் எரித்துக் கெடுக்க அவகாசம் இருக்காது. கிடைக்கும் மூலக்கூறு இடது கையா வலது கையா என்று பிரித்தறியவும் அந்தக் கருவியால் முடியும். இறங்கத் தேர்ந்திருக்கும் இடம் ஆக்சியா சமவெளி. வைக்கிங் 1 இன்னும் நின்றுகொண்டிருக்கும் கிரைசியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அது.